சேலத்தில் நாய்கள் காப்பகத்துக்குத் தன்னார்வலராகப் போகும் முன் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

அழகாபுரம் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பிளஸ் டூ தேர்வை முடித்துவிட்டு, கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் 18 வயது நிறையவில்லை. சேலத்துக்குச் சற்று வெளியே உள்ள ஒரு நாய்கள் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்று வேலை செய்ய வேண்டும் என்று தேர்வுக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். தனியே அனுப்ப மனமில்லாததால் நானும் உடன் செல்வது என்று முடிவாகியிருக்கிறது. காப்பகத்தாரிடம் தொலைபேசியில் பேசினேன். "தாராளமாக வாருங்கள், இங்கே ஆள் போதவில்லை" என்றார்கள். என்ன வேலை, என்ன முன்னேற்பாடு என்று விவரமாகப் பேச அவர்களுக்கு நேரமில்லை. நாய்கள் குரைக்கும் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவுமில்லை.

நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று என் மாமியார் அஞ்சுகிறார். கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது தேவையா? எந்தப் பயிற்சியும் இல்லாத நாங்கள் அங்கே போய் உதவியாக இருப்போமா, அல்லது அவர்களுக்குக் கூடுதல் சுமையாகிவிடுவோமா? ஒரு காப்பகம் முறையாக நடக்கிறது என்பதை முதல் முறை போகிறவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கன்னங்குறிச்சி தன்னார்வலர் எழுதியது:

அம்மா, நீங்களும் உடன் செல்வது நல்ல முடிவு. 18 வயது நிறையாதவர்களைப் பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அனுமதிக்கும் காப்பகத்தை நானே சற்றுத் தயக்கத்தோடுதான் பார்ப்பேன். தடுப்பூசியைப் பற்றி மருத்துவர் யாராவது எழுதுவார்கள் என்பதால், நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காப்பகத்தில் அன்றாட வேலையின் பெரும்பகுதி கழுவுவதுதான். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் மலத்தை வாரி எடுத்து, தரையைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்காமல் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். இதில் வரிசை முக்கியம். குட்டிகள் இருக்கும் பகுதியை முதலில் முடித்துவிட்டு, அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருப்பவற்றிடம் போய், பிறகு நலமாக உள்ள பெரிய நாய்களிடம் போய், நோய்ப்பிரிவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். நோய்ப்பிரிவிலிருந்து குட்டிகளிடம் திரும்பி வருவது என்பது அன்றைக்கு எந்தக் காரணம் கொண்டும் கூடாது. பார்வோ என்னும் குடல் நோயின் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தே ஒரு கூண்டுக் குட்டிகள் முழுவதையும் கொன்றுவிடும். நல்ல காப்பகங்களில் வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தட்டு வைத்திருப்பார்கள், அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூனைகள் இருக்கும் அறையில் பினாயில் ஊற்றக்கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது பூனைகளுக்கு நஞ்சு. நம் வீடுகளில் தரை துடைக்கும் பழக்கத்தில் கை தானாகப் பினாயில் பாட்டிலைத் தேடும்.

அடுத்தது சமையல். குருணை அரிசியை அண்டாவில் வேகவைத்து, கோழிக்கடைகளில் வாங்கி வந்த தலை, கால், ஈரல் ஆகியவற்றை மஞ்சள்தூளோடு வேகவைத்துக் கலப்பார்கள். வெந்த கால் எலும்பு கூர்மையாகச் சிலாம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அவற்றைப் பொறுக்கி எடுப்பதற்கே ஒருவர் உட்கார வேண்டும். உங்கள் இருவருக்கும் முதல் நாளில் இந்த வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். பரிமாறும்போது எந்த நாய் சாப்பிட வரவில்லை என்று பார்த்து, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நூறு தட்டு வைக்கும் பணியாளருக்கு ஒவ்வொன்றையும் நின்று பார்க்க நேரம் இருக்காது; ஒரு நாய் நேற்றும் உண்ணவில்லை, இன்றும் உண்ணவில்லை என்பது பல நேரங்களில் நோயின் முதல் அறிகுறி. நீங்கள் சுமையாகிவிடுவீர்களா என்று கேட்டீர்கள். கவனித்துப் பார்த்ததைச் சொல்லும் எவரும் அங்கே சுமையாவதில்லை.

சுமையாகிறவர்கள் யார் என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்தநாள், திருமண நாள் என்று பத்துப் பேர் வேனில் வந்து, கேக்கும் கிரீம் பிஸ்கட்டும் கையில் வைத்துக்கொண்டு, கூண்டுக்குக் கூண்டு ஓடிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அன்புடன்தான் வருகிறார்கள். ஆனால் கருத்தடை அறுவை சிகிச்சைக்காக இரவிலிருந்து வயிறு காலியாக வைக்கப்பட்ட நாய்க்கு ஒருவர் பிஸ்கட் கொடுத்துவிட்டால், மயக்க மருந்தின்போது வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் போய்விடும் என்பதால் அன்றைய அறுவை சிகிச்சையையே தள்ளிவைக்க வேண்டும். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை நாய்க்கு ஆகாதவை. கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

அன்பு காட்டுவதற்கும் அங்கே வேலை இருக்கிறது. ஆனால் அது தடவிக் கொடுப்பதாக இருக்காது. செவலை என்று நாங்கள் அழைக்கும் ஒரு பெட்டை நாய், கொண்டலாம்பட்டி புறவழிச்சாலையில் லாரியில் அடிபட்டு முன்னங்கால் ஒன்றை இழந்து வந்தது. மனிதர் நிழல் பட்டாலே சுவரின் மூலையில் ஒண்டிக்கொண்டு சிறுநீர் கழித்துவிடும். அதன் கூண்டுக்குள் போய், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதுவும் பேசாமல், பின்னால் கையை நீட்டாமல், தட்டை மட்டும் ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு அரைமணி நேரம் நாளிதழ் படிக்கும் வேலையை ஒரு கல்லூரி மாணவி வாராவாரம் செய்தாள். செவலை முதலில் அவள் போன பிறகு உண்டது. பிறகு அவள் இருக்கும்போதே உண்டது. ஒரு நாள் அவள் துப்பட்டாவின் நுனியை முகர்ந்து பார்த்தது. வாராவாரம் அதே ஆள், அதே நேரத்தில் வந்ததால்தான் இது நடந்தது. ஆகவே உங்கள் மகளிடம் நான் வேண்டுவது ஒன்றே: மாதம் ஒரு ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றாலும் சரி, சொன்ன ஞாயிறன்று போய்விட வேண்டும். தன்னார்வலர் வருவார் என்று நம்பி ஒரு பணியாளருக்கு விடுப்புக் கொடுத்திருப்பார்கள்.

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரையின் கீழ் நிற்கவே முடியாது. கூரை மேல் ஈரக் கோணிச் சாக்கு போடுவது, மதியம் தண்ணீர் மாற்றுவது, நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் பாதத்தையும் வயிற்றையும் நனைப்பது ஆகிய வேலைகளுக்கு ஞாயிறு மதியங்களில் ஆளே கிடைப்பதில்லை. பழைய நூல் சேலை, லுங்கி, கோணிச் சாக்கு, நாளிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். இவற்றை எந்தக் காப்பகமும் வேண்டாம் என்று சொல்லாது.

காப்பகத்தை எப்படி அறிவது என்று கேட்டீர்கள். நோய்ப்பிரிவு எங்கே என்று கேளுங்கள். தனியாக ஒன்று இருந்து, "உள்ளே போகாதீர்கள், வெளியிலிருந்து பாருங்கள்" என்று சொன்னால் நல்ல அறிகுறி. எந்த மருத்துவர், வாரத்தில் எத்தனை முறை வருகிறார், வந்த நாய், தத்துப்போன நாய், இறந்த நாய் என்று பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். இறப்பைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காமல் பேசுகிறவர்களை நம்பலாம். எங்களிடம் எதுவும் இறப்பதில்லை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், ஆத்தூர் எழுதியது:

மேலே எழுதியவர் வேலையைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் தடுப்பூசிக்கு வருகிறேன். அம்மா, உங்கள் மாமியார் சொன்ன பதினான்கு ஊசி உண்மைதான். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய மருந்தை அப்படித்தான் வயிற்றில் போட்டார்கள். அந்த மருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போதைய ஊசி கையில் போடுவது. மற்ற தடுப்பூசிகளைப் போலத்தான் வலிக்கும். அவரிடம் இதை விளக்கிச் சொன்னால் நிம்மதி அடைவார்.

நாய்களைத் தொட்டு வேலை செய்யப்போகும் எவரும் கடிபடுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டு நெறிமுறைப்படி முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று தவணை. முதல் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால், இப்போதே தொடங்கிவிட்டு, அதுவரை சமையல், பதிவேடு, துணி துவைத்தல் போன்ற வேலைகளை மகள் செய்யலாம். இப்படி முன்கூட்டியே போட்டுக்கொண்டவர் பின்னால் கடிபட்டால், அன்றும் 3ஆம் நாளும் இரண்டே ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும், உடனடிப் பாதுகாப்புக்கான எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. முன்கூட்டியே போட்டிருந்தாலும், கடிபட்ட பிறகு அந்த இரண்டு ஊசியைத் தவிர்க்கக்கூடாது. டி.டி. ஊசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடியோ நகக்கீறலோ பட்டால், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல், குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது, கட்டும் போடக்கூடாது. பிறகு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் தடுப்பூசி இலவசம். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற இன்றுவரை மருந்து இல்லை. உலகில் ரேபிஸ் நோயால் ஆண்டுதோறும் இறப்பதாக மதிப்பிடப்படும் சுமார் 59,000 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடிபடுகிறவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆகவே உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஊசியை முறையாகப் போட்டுவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மகளுக்குத் தனியாக ஒன்று. வெறிநாய் என்றால் நுரைதள்ளிக்கொண்டு எல்லோரையும் கடிக்க ஓடி வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமைதியான வகை ஒன்று உண்டு. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் ஒரு மூலையில் கிடக்கும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் தோன்றும். இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விட்டு எலும்பைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாடை தொங்கும் நாய், நடை தள்ளாடும் நாய், திடீரெனக் குரல் மாறிய நாய் ஆகியவற்றைக் கண்டால் தொடாமல், கூண்டை மூடிவிட்டு, பொறுப்பாளரை அழைக்க வேண்டும்.

மற்ற நோய்களில் எலிக்காய்ச்சலைச் சொல்ல வேண்டும். எலியும் நாயும் சிறுநீர் கழித்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நடந்தால், பாத வெடிப்பு வழியாகவே கிருமி ஏறும். முழங்கால்வரை ரப்பர் காலணியும் கையுறையும் அணியட்டும். சொறி, படர்தாமரை ஆகியவை தோல் வழியாக வரும், மருந்துக்குக் கேட்கும், பயப்பட வேண்டாம். வீட்டுக்குத் திரும்பியதும் அந்த உடைகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

தலைவாசலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால், நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு இப்படிப்பின் மேல் ஆர்வம் கூடியிருக்கிறது. படிக்கப் போகும் முன்பே புழுப்புண் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை, தனக்கு இந்தத் தொழில் ஒத்துவருமா என்பதைத் தானே தெரிந்துகொள்ளும். காதின் பின்னால் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்து, உள்ளே புழு நெளியும் புண்ணைச் சுத்தம் செய்து மருந்திட்டால், இரண்டு மூன்று வாரத்தில் அது மூடிவருவதைப் பார்க்கும் மகிழ்ச்சி என் பணிக்காலம் முழுவதும் எனக்குக் குறையவே இல்லை.

சூரமங்கலம் நண்பர் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆயினும் என் கருத்து சற்று மாறுபட்டது என்பதால் எழுதுகிறேன். நான் சில காலம் வேலை செய்த ஒரு காப்பகத்தில், இடம் இருந்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் நாய்கள் இருந்தன. வருவதை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. நோய்ப்பிரிவு என்று தனியாக ஏதும் இல்லை. டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் பரவியபோது, நலமாக வந்த நாய்களும் கை கால் வெட்டி இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறந்தன. தெருவில் இருந்திருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். அன்றிலிருந்து, நம் உழைப்பைத் தெருவிலேயே செலவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள், நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும் என்கின்றன. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று இதை உறுதிசெய்து, ரேபிஸ் உள்ளவற்றுக்கும் கடித்துக் குதறும் இயல்புடையவற்றுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றது. இதனால் காப்பகங்களில் நெருக்கடி இன்னும் கூடத்தான் செய்யும். ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. உங்கள் தெருவில் எத்தனை நாய்கள், எதற்குக் காது நுனியில் கருத்தடை செய்ததன் அடையாளமான வெட்டு இருக்கிறது, எதற்கு இல்லை என்று மகள் ஒரு நோட்டில் எழுதட்டும். தினமும் ஒரே நேரத்தில், மாநகராட்சி இதற்கென ஒதுக்கிய இடத்தில் சோறு வைத்துப் பழக்கினால், மாநகராட்சியின் பிடிக்கும் குழு வரும் நாளில் நாய் அங்கே நிற்கும். துரத்தி வலை வீச வேண்டியதில்லை. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்களிலும் அலுவலகம் இருக்கிறது. உங்கள் மண்டலத்தின் சுகாதாரப் பிரிவில் மனு கொடுத்தால் போதும். விட்டுச் சென்ற பிறகு தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெருவில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் உங்கள் மகளாக இருக்கலாம்.

கன்னங்குறிச்சி தன்னார்வலர் எழுதியது:

சூரமங்கலம் நண்பரின் மனவேதனை எனக்குப் புரிகிறது, அவர் சொன்ன தெருவேலையை நானும் செய்கிறேன். நலமாக உள்ள தெருநாயைக் காப்பகத்துக்குக் கொண்டுவருவது அதற்குச் செய்யும் தீங்கு என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இடுப்பு முறிந்து பின்பகுதியை இழுத்துக்கொண்டு வருவதற்கும், கண் தெரியாத கிழட்டு நாய்க்கும், பிறப்புறுப்பில் கட்டி வந்து வாரம் ஒரு முறையாகப் பல வாரம் ஊசி போட வேண்டிய நாய்க்கும் தெருவில் வைத்தியம் பார்க்க முடியாது. அவற்றுக்குக் கூரை வேண்டும். கூரை போதாமல் போவதற்குக் காரணம், குணமானவை வெளியே போகாமல் தேங்கிவிடுவது.

ஆகவே கூண்டு கழுவுவதைவிடவும் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதை வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம்: தத்துக் கொடுப்பதற்கான வேலை. தெளிவான படம், நாயின் குணம் பற்றி உண்மையான நான்கு வரி, கேட்டு வருகிறவர்களோடு பொறுமையான பேச்சு. "கடுவன் குட்டி இருக்கிறதா?" என்றுதான் பத்துக்கு ஒன்பது பேர் கேட்கிறார்கள். பெட்டைக் குட்டிகளைத்தான் பையில் கட்டிக் காப்பக வாசலில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போகிறார்கள். கருத்தடை செய்துவிட்டால் பெட்டை வீட்டை விட்டு அலையாது, வாசலில் கூட்டம் சேராது, குணத்திலும் குறைவில்லை என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரிடம் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை நாமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாம் மாதம் நாய் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கொடுத்த பிறகு போய்ப் பார்க்க வேண்டும், தீபாவளிக்கு முன் தொலைபேசியில் பேசி, வெடிச் சத்தத்தில் அறுத்துக்கொண்டு ஓடாதபடி உள்ளே கட்டச் சொல்ல வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போதும் இதையே சொல்கிறோம்.

ஏற்காட்டுக்காரர் எழுதியது:

மலைமேல் இருப்பவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களில் சிலர், வீட்டில் வளர்த்த நாயை இங்கே விட்டுவிட்டு இறங்குகிறார்கள். காடும் குளிருமாக இருக்கிறது, எஸ்டேட்டில் யாராவது சோறு போடுவார்கள், எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் அப்படிப் பிழைப்பதில்லை. வளைவில் நின்றுகொண்டு, இறங்கும் ஒவ்வொரு வெள்ளைக் காரின் பின்னாலும் ஓடிய ஒரு பொமரேனியனை நானும் தேயிலைக்கடைக்காரரும் போர்வையைப் போட்டுப் பிடித்தோம். கழுத்துப்பட்டையின் தழும்பு அப்படியே இருந்தது. பட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வளர்த்த விலங்கைப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை என்று அன்று எழுதியது அப்படியே கிடக்கிறது. அந்தத் தொகையை உயர்த்தாமல் இருப்பது பெரும் அநீதி என்றே சொல்வேன்.

மலைமேல் காப்பகம் நடத்துகிறவர்களைத் தேடி நீங்கள் வர வேண்டியதில்லை அம்மா. இங்கே எங்களுக்கு வேண்டியது வண்டி. அடிபட்ட நாயை இரவு நேரத்தில் சேலம்வரை இறக்க ஓட்டுநர்கள் தயங்குகிறார்கள். ஞாயிறு மாலை மலையிலிருந்து காலி இருக்கையோடு இறங்கும் கார்கள் எத்தனையோ. ஒரு கூண்டை ஏற்றி உங்கள் காப்பகத்தில் இறக்கிவிடச் சம்மதிப்பவர்களின் பட்டியலை உங்கள் மகள் போன்றோர் வைத்திருந்தால், அதுவே எங்களுக்குப் பெரிய உதவி. ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். அதற்குக் கூடும் நாய்கள் காட்டெருமைக் கன்றுகளைத் துரத்துகின்றன. நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு டிஸ்டெம்பரும் ரேபிஸும் தாவும்.

அழகாபுரம் அம்மா எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. டாக்டர் ஐயா எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன்; இரண்டு பேரும் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். மகள் எங்கள் தெரு நாய்களைக் கணக்கெடுக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். தாயில்லாமல் வரும் பிறந்த குட்டிகளைச் சில வாரம் வீட்டில் வைத்து வளர்த்துத் தர முடியுமா என்று காப்பகத்தில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் வேறு நாய் இல்லை. ஒப்புக்கொள்ளலாமா? பசும்பால் கொடுத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், ஆத்தூர் எழுதியது:

வீட்டில் வேறு நாய் இல்லை என்றால் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள் அம்மா. காப்பகத்தின் கிருமிகளிலிருந்து விலகி இருப்பதே அந்தக் குட்டிகளுக்குப் பாதி மருந்து. இரவில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழ வேண்டியிருக்கும் என்பதால், மகளும் நீங்களும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பசும்பால் மட்டும் போதாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பசும்பாலில் சர்க்கரைச் சத்து கூடுதல் என்பதால் வயிற்றுப்போக்கும் வரும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடியை வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். கொடுக்கும் முன் குட்டியின் உடலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலின் அருகில் வைத்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். முதல் வாரங்களில் அவற்றால் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது, குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. கைக்குழந்தையை ஏந்துவதுபோல் மல்லாக்க வைத்துப் புகட்டவே கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்து, தலை சற்றே நிமிர்ந்த நிலையில், தாயிடம் குடிப்பதுபோல் குடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை குடித்த பிறகும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் கழியும். தாய் நாக்கால் செய்யும் வேலை அது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தானாகப் போகத் தொடங்கும். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை ஒரு நாள் ஏறாமல் நின்றாலே என்னைப் போன்ற யாரையாவது கேளுங்கள், மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். ஆறு வாரம் ஆனதும் முதல் தடுப்பூசிக்குக் கொண்டு வாருங்கள், அதற்கு முன் பூச்சி மருந்து இரண்டு வாரத்திலிருந்தே தொடங்கும். எடைக்கேற்ற அளவை உங்கள் காப்பகத்து மருத்துவர் எழுதித் தருவார்.